மேரியம்மாவின் தோத்திரம்

போன வெள்ளிக்கிழமை காலை, விழுப்புரத்தில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இடையில் புகப் பார்த்த ஓர் ஆளோடு எனக்கு வாய்ச்சண்டை முற்றியிருந்தது. எழுபத்து மூன்று வயதாகியும் இந்த முன்கோபம் என்னை விட்டபாடில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. காதர் பாய். அந்தக் காலத்தில் என்னோடு ஒரே ரயில் பெட்டியில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்.

"கோவிந்தா, மேரிம்மா போயிட்டாங்கப்பா. காலையில காபி குடிச்சிக்கினு இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சிட்டாங்களாம். நாளைக்குச் சாயந்திரம் அடக்கம். ஜல்தியா கிளம்பி வா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"பொண்ணு காபி குடுத்தப்போ கடைசியா ஒரு வார்த்தை சொன்னாங்களாம். இன்னா வார்த்தைன்னு சொல்லு பார்ப்போம்."

"என்ன பாய்?"

"தோத்துரும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. இந்தப் பக்கம் நானும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னோடு சண்டை போட்ட ஆள் என்ன நினைத்தாரோ, "நீங்களே முன்னால போங்க பெரியவரே" என்று வழிவிட்டார். மேரியம்மா பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

மேரியம்மாவைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

திருமதி ஆரோக்கியமேரி அவர்கள் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். நான் அதே அலுவலகத்தில் எழுத்தர். இருவருக்கும் வீடு விழுப்புரம். எண்பதுகளில் காலை பாசஞ்சர் ரயிலில் சீசன் டிக்கெட் கூட்டம் ஒன்று உண்டு. பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி எங்கள் பெட்டி. ஏறி உட்கார்ந்ததும் மடியில் துண்டை விரித்துச் சீட்டுக்கட்டைக் கலைத்துவிடுவோம். திண்டிவனம் வரைக்கும் ரம்மிதான். மேரியம்மா மாற்றலாகி வந்த புதிதில் பெண்கள் பெட்டியில் ஏறாமல் எங்கள் பெட்டிக்கே வந்தார். காரணம் கேட்டதற்கு, "அங்க எல்லாரும் தூங்கிக்கினு வர்றாங்க சார். எனக்குப் பேச ஆள் வேணும்" என்றார்.

முதல் நாளே வம்பு. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் கையில் அருமையான சீட்டு, இன்னும் ஒன்று சேர்ந்தால் ஆட்டம் என்னுடையது. ரயில் அன்று அதிசயமாக நேரத்துக்கு நகர்ந்தது. பின்னாலிருந்து மேரியம்மா நிம்மதியாக, "தோத்திரம்" என்றார்.

என் காதில் அது "தோத்துரும்" என்று விழுந்தது.

சுர்ரென்று ஏறியது எனக்கு. "ஏம்மா, பின்னால நின்னு என் சீட்டைப் பார்த்ததும் இல்லாம தோத்துரும்னு வேற சொல்றீங்களா? இன்னா நியாயம் இது?"

"ஐயோ சார், நான் சேசுவுக்குச் சொன்னேன்!"

"சேசு எங்க இங்க சீட்டு ஆடறாரு?"

பெட்டியே சிரித்தது. மேரியம்மாதான் முதலில் சிரித்தார், குலுங்கிக் குலுங்கி, கையிலிருந்த டிபன் கேரியர் ஆடும் அளவுக்கு. பிறகு விளக்கினார். தோத்திரம் என்றால் நன்றி, வணக்கம், புகழ்ச்சி எல்லாம் சேர்ந்தது. அவர்கள் ஊரில் மாதா கோயில் சாமியாரைக் கண்டாலும் அதுதான் சொல்வார்கள், மழை பெய்தாலும் அதுதான். "ரயிலு டயத்துக்கு எடுத்தான் இல்ல, அதான்" என்றார். அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அன்றிலிருந்து அவர் தோத்திரம் சொல்லும்போதெல்லாம் நாங்கள் கோரஸாக "தோத்துரும்!" என்போம். அவர் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் எங்களிடம் பிரசங்கம் செய்ததில்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்ததில்லை. ஆனால் சேசுவைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை. பக்கத்து வீட்டு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். "நேத்து எனக்கும் அவருக்கும் ஒரே சண்டை சார். கேட்டதைக் குடுக்க மாட்டேங்கறாரு" என்பார். வீட்டுக்காரரோடு சண்டை என்று நினைத்து நாங்கள் ஆறுதல் சொல்லப் போனால், "அவரு இல்ல சார், இவரு" என்று கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொட்டுக் காட்டுவார். முண்டியம்பாக்கம் தாண்டியதும் டிபனைத் திறப்பார். திறக்கும் முன் அரை நிமிஷம் கண்ணை மூடுவார். அந்த அரை நிமிஷம் நாங்களும் சீட்டைப் போடாமல் காத்திருப்போம். யாரும் சொல்லிவைத்ததில்லை, தானாக வந்த பழக்கம் அது.

பேரணி ஸ்டேஷன் தாண்டினால் ஜெபமாலையை எடுப்பார். பெட்டியில் இருப்பவர்களுக்கு என்னென்ன குறையோ அத்தனையும் அதில் உண்டு. காதர் பாயின் மகளுக்குப் பரீட்சை, யாருக்கோ பல்வலி, யாருக்கோ மாற்றல் உத்தரவு. "உங்களுக்கு என்ன வேண்டிக்கட்டும் சார்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

"ஒன்னும் வேணாம்" என்றேன்.

காதர் பாய்க்கு நாக்கில் சனி. "அவனுக்கு அண்ணன்காரனோட ஆறு வருஷமாப் பேச்சில்லம்மா. அதுக்கு வேண்டுங்க" என்று போட்டு உடைத்துவிட்டார்.

உண்மைதான். எனக்கு ஒரே அண்ணன். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக நிலத்தை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு முறை வைத்து இருவர் பங்குக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு கோடையில் என் முறையன்று அவர் தன் கழனிக்குப் பாய்ச்சிவிட்டார். பக்கத்துக் கழனிக்காரர் வந்து சொல்ல, நான் போய்ப் பார்த்தால் என் பங்கில் மல்லாட்டைச் செடி, நிலக்கடலைதான், வாடிக் கிடந்தது. வாய்ப் பேச்சு வளர்ந்து, ஊர் கூடி நிற்கையில், "இனிமே நீ என் அண்ணனே இல்ல, என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டு வந்தேன். அவர் மகள் செல்வி, நான் தோளில் தூக்கி வளர்த்த குழந்தை, அழுதுகொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடிவந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அழுகை மட்டும் காதிலேயே இருந்தது. அண்ணனில்லாத வாழ்க்கை எனக்குச் சுகமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

"உங்க அண்ணன் பேரு என்ன சார்?" என்றார் மேரியம்மா.

"அதெல்லாம் வேணாம்மா."

"பேரு இல்லாம அனுப்பினா யாருக்குப் போய்ச் சேரும்? சரி, கோவிந்தன் சாரோட அண்ணன்னே சொல்லிக்கிறேன்."

"அண்ணன்னு சொல்லாதீங்க! ஏழுமலைன்னு சொல்லுங்க!" என்று சீறினேன்.

"தோத்திரம். பேரு கிடைச்சிடுச்சு" என்று மணியை உருட்டத் தொடங்கினார். பெட்டி சிரித்த சிரிப்பு விக்கிரவாண்டிக்கே கேட்டிருக்கும்.

அதன்பின் தினமும் பேரணி தாண்டினால் ஏழுமலை. எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "இதெல்லாம் எங்களை உங்க வேதத்துக்கு இழுக்கத்தானேம்மா?"

அவர் முகம் வாடவில்லை. டிபன் கேரியர் மூடியில் எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். "நல்லா ஒரு குழம்பு வெச்சா உங்களுக்கு ஒரு வாய் குடுக்கறேனா இல்லியா? சேசுவை மட்டும் மூடி வெச்சு நானே தின்னுக்கினு இருக்கணுமா சார்? சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம். குடுக்காம இருக்க என் கை சும்மா இருக்காது" என்றார். அந்தக் குழம்பைத் தின்றுகொண்டே அவரோடு சண்டை போட எனக்கு வரவில்லை.

அன்றுதான் தன் கதையைச் சொன்னார். அவருக்கும் அவருடைய நாத்தனாருக்கும் நான்கு வருஷம் பேச்சில்லையாம். ஒரே தெரு, நான்கு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்தால் கால் எழும்பவில்லையாம். நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"அப்புறம் ஒருநாள் டம்ளரை எடுத்துக்கினு அவ வீட்டுக்குப் போனேன் சார். 'சர்க்கரை தீந்துபோச்சு, ஒரு டம்ளர் குடு'ன்னேன். எங்க வீட்ல டப்பா நிறைய சர்க்கரை! அவ அப்படியே பார்த்தா. உள்ள போய் டம்ளர் வழிய வழியக் கொண்டுவந்து குடுத்தா. அவ்ளோதான். மன்னிப்பும் இல்ல, ஒன்னும் இல்ல."

"ஏன், நீங்க ஏதாவது பலகாரம் செஞ்சு கொண்டுபோயிருக்கலாமே?" என்றேன்.

"தப்பு சார். குடுக்கப் போனா நாம பெரிய மனுஷியாயிடுவோம். கேக்கப் போகணும். சேசுவே எல்லார்கிட்டயும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு, உக்கார ஓடம் கேட்டாரு. கைல எதுவும் இல்லாம வந்த சாமி சார் அவரு. அதான் எனக்கு அவரைப் புடிக்கும்."

அன்று ஆட்டத்தில் மூன்று முறை தப்பான சீட்டை இறக்கினேன்.

சில மாதம் கழித்து, செல்வியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில்! மூலையில் மஞ்சள் தடவி, கவரில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி வந்திருந்தது. நம் பக்கத்தில் யாராவது கூடப்பிறந்தவனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவார்களா? வெற்றிலை பாக்குத் தட்டோடு அண்ணனும் அண்ணியும் நேரில் வந்து வைக்க வேண்டாமா? வாசப்படி மிதிக்காதே என்று நான்தான் சொன்னேன் என்பது அப்போது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு வரி படிக்கவில்லை. கொதித்துப் போய்ச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ரயிலேறினேன்.

"பாருங்கய்யா, மூணாம் மனுஷனுக்கு அனுப்பற மாதிரி அனுப்பியிருக்கான். பின்பக்கம் வெறும் காகிதம்தானே, இதிலயே பாயிண்ட் எழுதுங்க" என்று காதர் பாயிடம் வீசினேன்.

"நல்ல காரியப் பத்திரிகைப்பா, பாவம்" என்று தயங்கினார்.

"எழுதுய்யா!"

எழுதினார். மயிலம் வருவதற்குள் பின்பக்கம் முழுக்க எங்கள் தோல்விக் கணக்கு. ஆட்டம் முடிந்ததும் மேரியம்மா கையை நீட்டினார். "அதை இப்படிக் குடுங்க பாய்." தட்டச்சர் அல்லவா, எந்தக் காகிதம் கிடைத்தாலும் எழுத்து எழுத்தாகப் படிப்பது அவர் வழக்கம். புரட்டிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை அடக்கப் பாடுபடுவது தெரிந்தது.

"சார், பத்திரிகையைப் படிச்சீங்களா?"

"நான் ஏன் படிக்கணும்?"

"இது உங்களுக்கு வந்த பத்திரிகை இல்ல சார். இது நீங்க அடிச்ச பத்திரிகை."

அவர் சத்தமாக வாசித்தார். எனது அண்ணன் ஏழுமலை அவர்களின் புதல்வி செல்வி என்று தொடங்கி, சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்த வேண்டும் என்று முடிந்து, தங்கள் நல்வரவை விரும்பும் என்ற வரிக்குக் கீழே தனியாக, பெரிய எழுத்தில், என் பெயர். அண்ணன் தன் பெயரில் யாரையும் அழைக்கவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் என் பெயரில் அழைத்திருந்தார்.

"உங்க பத்திரிகையை உங்களுக்கே எப்படி சார் தாம்பூலத்தோட வெப்பாரு?" என்றார் மேரியம்மா.

பத்திரிகையை வாங்கி என் பெயரை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஆனாலும் இந்தப் பாழும் வீம்பு இருக்கிறதே! "என்னைக் கேக்காம என் பேரை எப்படிப் போடலாம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ரயில் திண்டிவனத்தில் நின்றது. இறங்கும்போது மேரியம்மா மட்டும் அருகில் வந்து மெல்லச் சொன்னார்.

"சர்க்கரை டம்ளரு ஞாபகம் இருக்கா சார்?"

ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். இறங்கி நடக்கையில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன். அண்ணன் களத்தில் மல்லாட்டையைக் காயவைத்துக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஆறு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா என்று இருந்தது எனக்கு. அவர் நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"அண்ணே, ஆபீஸ்ல மல்லாட்டை கேக்கறாங்க. ஒரு படி இருந்தா குடு" என்றேன்.

"ஒரு படிக்கா விழுப்புரத்துலேர்ந்து வந்த?"

"ஆமா."

"படியில அளந்து குடுக்க நான் கடையா வெச்சிக்கினு இருக்கேன்?" என்று எழுந்து போய்க் கோணி ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டார். போதும் என்றேன், கேட்கவில்லை. கோணி நிறைந்தும் போட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் தோத்துட்டேண்ணே."

"போடா. நான் தோத்து ஆறு வருஷம் ஆச்சு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார்.

உள்ளிருந்து அண்ணி, "அழுதது போதும், ரெண்டு பேரும் கை கழுவிக்கினு வாங்க" என்று சத்தம் போட்டார். கேப்பைக் களியும் கீரையும். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டை எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை அந்தக் கோணியை ரயிலேற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மேரியம்மா கோணியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "தோத்திரம்!" என்றார்.

"ஆமாம்மா, தோத்துட்டேன்" என்றேன்.

காதர் பாய் சிரித்த சிரிப்பில் சீட்டுக்கட்டு மொத்தமும் தரையில். அன்று யாரும் ஆடவில்லை. திண்டிவனம் போகும்வரை மல்லாட்டை உரித்துத் தின்றோம். பெட்டியெல்லாம் தோல். மேரியம்மாவும் அன்று ஜெபமாலையை எடுக்க மறந்து, மயிலத்தில் நினைவு வந்து, "வாய் நிறைய மல்லாட்டை வெச்சிக்கினு எப்படிச் சொல்றது, அவரு புரிஞ்சுக்குவாரு" என்றார்.

செல்வி கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியே வந்தது. வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றது நான்தான், என் பத்திரிகை அல்லவா. பந்தியில் இலை போட்டதும் மேரியம்மா வழக்கம்போல் அரை நிமிஷம் கண்ணை மூடினார். பரிமாற வந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். யார் இந்த அம்மா என்று யாரோ கேட்டதற்கு அண்ணன், "எங்களுக்குச் சர்க்கரை குடுத்தவங்க" என்றார். கேட்டவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மேரியம்மா ஓய்வு பெற்ற நாளில், விழுப்புரம் பிளாட்பாரத்தில் மாலையோடு நின்றபடி என்னிடம் ஒன்று கேட்டார். எப்போதும் சிரிக்கிறவர் அன்று சிரிக்காமல் கேட்டார். "இத்தனை வருஷம் கூட வந்தேன். சேசுவை உங்களுக்குச் சரியா சொல்லிட்டேனா சார்? வாயாடியே பொழுதைக் கழிச்சிட்டேனோன்னு இருக்கு."

எனக்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "நீங்க எங்கம்மா சொன்னீங்க, தோத்துரும் தோத்துரும்னுதானே சொன்னீங்க" என்று வழக்கமான கிண்டலைச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். அதன்பின் எத்தனையோ முறை அவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமலே நாளைக் கடத்திவிட்டேன். நான் இன்றும் மயிலம் முருகனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக விளக்கு முன்னால் நிற்கும்போது, யாரோடு எனக்கு மனத்தாங்கலோ அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். அது மேரியம்மா கொடுத்தது.

சனிக்கிழமை அடக்கத்துக்கு அண்ணனையும் அழைத்துப் போனேன். எண்பத்தொரு வயது, வாயில் ஒரு பல்கூட இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "எனக்குத் தம்பியைக் குடுத்த பொம்பள, நான் வராம இருப்பனா?" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் பாட்டும் ஜெபமும் முடிந்து, ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள். காதர் பாய் கைத்தடியை இடுக்கிக்கொண்டு குனிந்து போட்டார். அண்ணன் மண்ணை அள்ளிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்க இன்னாடா சொல்லணும்?"

"தோத்திரம்னு சொல்லுண்ணே."

பல்லில்லாத வாயால், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, பக்தியோடு, "தோத்துரும் தாயே!" என்றார்.

காதர் பாயின் தோள் குலுங்கியது. மேரியம்மாவின் மகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். சாமியார் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நானும் ஒரு பிடி மண்ணை எடுத்தேன்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் மேரியம்மா. எங்கள் காதுதான் மந்தம், புரிய இத்தனை காலம் ஆயிற்று. நீங்கள் சொன்னதும் எங்களுக்குக் கேட்டதும் இரண்டும் ஒன்றுதான். போய் வாருங்கள். அங்கே அவரைப் பார்த்ததும் முதல் வேலையாக ஒரு டம்ளரை நீட்டி ஏதாவது கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெட்டிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

தோத்துட்டோம் தாயே. தோத்திரம்.